டிவியைப் பார்த்து வெட்டிய பேண்ட்

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பயல்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சதையோடு ஒட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலேயே முடிந்துபோகிற பேண்ட். கேட்டால் புது மாடலாம். பெங்களூரில் எவனோ கண்டுபிடித்தானாம். அந்தப் பேண்ட்டை உங்கள் அப்பன்மார் அரைஞாண் கயிறோடு ஓடித் திரிந்த காலத்திலேயே காவலூர் மலையில் வெட்டித் தைத்தவன் நான். பெங்களூர்க்காரன் பிறந்திருந்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

இதை எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நான் வெட்டின பேண்ட்டில் பிழை இருந்ததா இல்லையா என்பதுதான் இங்கே பேச்சு. அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

ஆலங்காயம் கடைத்தெருவில் ஒரு டைலர் மாஸ்டர் இருந்தார். அவரிடம்தான் சின்ன வயதில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால் தொழில் கற்றுக்கொள்ள இல்லை, காஜா எடுக்க. சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைக்கிற வேலை. மீசை முளைத்து, அது தடித்து, எனக்குப் பெண் பார்த்துக் கல்யாணமே முடித்த பிறகும் அந்த ஆளுக்கு நான் ‘டேய் காஜா’தான். கத்திரிக்கோலைத் தொட விடமாட்டார். துணி வெட்டும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டுவார், நான் பார்த்துவிடக் கூடாதாம். நான் அந்த முதுகைப் பார்த்தே வெட்டக் கற்றுக்கொண்டேன். வலது தோள் எப்போது இறங்குகிறது, எப்போது நிற்கிறது, எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்தால் கத்திரி எங்கே வளைகிறது என்று தெரிந்துவிடும். இந்த மாதிரிக் கற்றுக்கொண்டவன் இந்த ஜில்லாவில் வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசலாம்.

ஒருநாள் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொன்னேன். மாஸ்டர் வாயில் இருந்த ஊசியைக்கூட எடுக்கவில்லை.

“எங்க போவ?”

“மலைக்கு. காவலூர்ல கடை வெக்கப் போறேன்.”

“கோமணம் கட்றவனுங்களுக்கு இன்னாத்த தைப்ப? போ போ. மெஷினைத் தலைல தூக்கிக்கினு நீயே திரும்பி வருவ. காஜா வேல எப்பவும் கீது.”

அந்த ‘காஜா வேல எப்பவும் கீது’ என்கிற பேச்சை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். பழைய மெஷின் ஒன்றை வாங்கி, பஸ் கூரையில் போட்டுக் கட்டி, கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி படியில் தொங்கிக்கொண்டே மலையேறினேன். திரும்பி அந்த ஆளிடம் போய் நிற்பதைவிட மலையிலேயே புளி உலுக்கிப் பிழைக்கலாம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

காவலூரில் ஊர் நாட்டாமை எனக்குக் கோயிலுக்குச் சொந்தமான ஓட்டு அறை ஒன்றைக் கடை வைக்கக் கொடுத்தார். வாடகை வேண்டாம் என்றார். அதற்குப் பதில் ஒரு நிபந்தனை. மலையில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. ஆடித் திருவிழாவுக்கு ஊரே சேர்ந்து ஒரே தான் துணி, அதாவது வெட்டாத முழுச் சுருள் ஒன்று, எடுக்கும். அந்த ஒரே துணியில் ஊரில் உள்ள எல்லாப் பையன்களுக்கும் கால்சட்டையோ பேண்ட்டோ தைக்க வேண்டும். சாமி புறப்படும்போது பையன்கள் வரிசையாகத் தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் போவார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து நின்று பார்க்கும். பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க வேண்டாம், துணியைப் பார்த்தாலே எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

“தைக்கிறது உன் பொறுப்பு டைலரே,” என்றார் நாட்டாமை. “எங்க பசங்களப் பாத்து அடுத்த ஊர்க்காரன் சிரிச்சான்னு வெச்சிக்க, மறுநா காலைல நீ மெஷினத் தூக்கினு கீழ எறங்கிரணும். அப்பறம் எங்க ஊருக்கு ஆலங்காயத்து மாஸ்டருதான்.”

சரி என்றேன். நான் தைத்ததைப் பார்த்து எவன் சிரிப்பான் என்ற தைரியம்தான். சில வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்போது பெல்பாட்டம் காலம். அந்தக் கண்றாவியை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். தொடையில் ஒட்டி, முட்டிக்குக் கீழே குடை மாதிரி விரியும். ரோட்டில் நடக்கிறவனுக்குச் சரி. முள்ளிலும் கல்லிலும் நடக்கிற மலைக்காரனுக்கு எதற்கு? கொட்டாங்குச்சி மாதிரி சேற்றை மொண்டுகொண்டு வருவான்கள். பாட்டம் கிழிந்து கிழிந்து என்னிடமே வரும். அத்தனையையும் ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு டிவி வந்தது.

வானத்தில் நட்சத்திரம் பார்க்கிற பெரிய கண்ணாடி வைத்திருக்கிற இடத்தில் வேலை செய்தவர்களுக்கு மலையிலேயே குடியிருப்பு உண்டு. அதில் ஒரு ஜீப் டிரைவர் டிவி வாங்கினார். கலர் கிடையாது, கறுப்பு வெள்ளை. கூரை மேல் மூங்கில் கட்டி, அதற்கு மேல் இன்னொரு மூங்கில் கட்டி, ஆண்டெனா வைத்தார். மெட்ராஸ் படம் தெரியும். சில நாள் ஆள் தெரியும், சில நாள் மழைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள்.

அந்த நேரத்தில் ஒரு அமெரிக்கக் கதை போட்டார்கள். பழைய கதை, அவர்கள் ஊரில் எப்போதோ எடுத்ததாம். ஒரு அப்பன், ஒரு அம்மா, இரண்டு பையன்கள். பேசுகிறது ஒன்றும் புரியாது. யாரோ கூட்டமாகச் சிரிக்கிற சத்தம் மட்டும் பின்னால் கேட்கும். அது எங்கே உட்கார்ந்து சிரிக்கிறது என்று எங்கள் பையன்கள் டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். எனக்கு அந்த வீட்டைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. அப்பன்காரன் வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறான். அவன் என்ன வேலை செய்கிறான் என்று கடைசிவரை எவனுக்கும் தெரியவில்லை. அம்மாக்காரி சமைக்கிறாள், அடுப்பில் புகை இல்லை, முகத்தில் வேர்வை இல்லை. பையன்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். ஒரு கதவு வழியாக உள்ளே வருவான், மாடிப்படியில் தடதடவென்று ஏறுவான், திரும்ப இறங்கி இன்னொரு கதவு வழியாகப் போவான். ஒரு குடம் தண்ணீர் தூக்க மாட்டான். தரையில் உட்கார மாட்டான். அதனால்தான் அவனுக்கு அப்படி ஒரு பேண்ட் போட முடிந்தது.

அந்தப் பேண்ட்டைச் சொல்ல வேண்டும். இடுப்பு தொப்புளுக்கு மேலே. விரல் அகலத்தில் ஒரு பெல்ட். தொடையிலிருந்து கீழே வரைக்கும் நேராக, ஒல்லியாக, புளியமிலாறு மாதிரி இறங்கும். கீழே விரியவே விரியாது. கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும், அதற்குக் கீழே வெள்ளை சாக்ஸ் பளிச்சென்று தெரியும். சில நாள் பெரியவன் முரட்டுத் துணியில் ஒரு பேண்ட் போட்டு, பாட்டத்தை வெளிப்பக்கமாக மடித்து விட்டிருப்பான். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று. வளர்கிற பையனுக்காக விடுகிற துணி அது. நாம் உள்ளே மடித்து மறைத்துத் தைப்போம், வளர வளரப் பிரித்து இறக்குவோம். அமெரிக்காக்காரனுக்கு மறைக்கக்கூடத் தெரியவில்லை, வெளியே மடித்து ஊருக்கே காட்டுகிறான். காசு உள்ள வீட்டிலும் அதே கணக்குத்தான்.

அந்த வருஷம் ஆடிக்குத் துணி எடுத்ததும் பையன்கள் கடைக்கு வந்து நின்றார்கள்.

“டைலரே, இந்த வாட்டி பெல்லு வாணாம். டிவில வர்றானே, அவன்து மாதிரி.”

“அது கால்ல ஏறாதுடா. அவன் காலு பாத்தியா, குச்சி.”

“எங்க காலு மட்டும் இன்னா, தூணா?”

அது நியாயம்தான். மலைப் பையன்களுக்குக் காலில் சதை கிடையாது. நாட்டாமையிடம் போய்ச் சொன்னேன். அவர் டிவி பார்க்காத ஆள். “பசங்க கேக்கறாங்க, நீ முடியும்ன்ற. சரி. ஆனா நான் மொதல்ல சொன்னது ஞாபகம் கீதா?” என்றார். இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் டிரைவர் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். கதையைப் பார்க்கவில்லை, பேண்ட்டைத்தான் பார்த்தேன். அவன் கதவோரம் நிற்கும்போது கதவு அகலத்தில் கால் எத்தனை பங்கு என்று பார்த்தேன். மாடிப்படி ஏறும்போது முட்டியில் எங்கே மடிகிறது என்று பார்த்தேன். ஒரு அளவு எடுக்காமல், ஒரு துணியைத் தொடாமல், கண்ணால் மட்டும் பேண்ட் எடுத்தேன். காகிதத்தில் வெட்டிப் பார்த்தேன், பிறகு துணியில் கத்திரி வைத்தேன். மொத்தத் தானும் வெட்டியாகிவிட்டது. ஒல்லியாக வெட்டின துணியைத் திரும்ப அகலமாக்க எந்த டைலராலும் முடியாது. அதைத் தெரிந்துதான் வெட்டினேன்.

போட்டுப் பார்க்கும்போது குதிகால் நுழையவில்லை. காலில் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழை, பிறகு பையை உருவிக்கொள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. நிற்க வைத்துப் பார்த்தால், ஜன்னலில் பார்த்த அமெரிக்காக்காரன்தான், கறுத்துப்போய் என் கடையில் நின்றான்.

திருவிழா வரைக்கும் போடக் கூடாது என்று சொன்னேன். பயல்கள் கேட்பார்களா? நாலைந்து பேர் போட்டுக்கொண்டு ஆலங்காயத்துக்கு மேட்னி பார்க்கப் போய்விட்டார்கள். மாஸ்டர் கடைக்கு எதிரே பஸ் நின்றது. மாஸ்டரும் அந்நேரம் டிவி வாங்கிக் கடையோடு ஒட்டின தன் வீட்டில் வைத்திருந்தார். ஆலங்காயத்துப் பையன்கள் அங்கே அதே அமெரிக்கக் கதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

அவர்கள் சிரித்த சிரிப்பை எங்கள் பையன்கள் வந்து சொன்னார்கள். “முருங்கக்காக்கு உறை தெச்சவன் யார்ரா?” என்று ஒருத்தன் கேட்டானாம். மாஸ்டர் வெளியே வந்து, ஒருத்தன் காலைப் பிடித்துப் பார்த்து, “டிவில வர்றது இப்பிடியா கீது? நல்லா நேரா, தாராளமா எறங்குது. இது இன்னா காஜா வெட்ற வெட்டு. உங்க டைலர்கிட்ட சொல்லு, காஜா வேல இன்னும் கீதுன்னு,” என்றாராம்.

இரண்டு பையன்கள் அழுதுவிட்டார்கள். ஒருத்தனின் அம்மா பேண்ட்டைக் கொண்டுவந்து என் மெஷின் மேல் எறிந்துவிட்டுப் போனாள். மறுநாள் நாட்டாமை கோயில் முன்னால் கூப்பிட்டார்.

“கீழ சிரிச்சிட்டாங்க டைலரே. சாமி பொறப்படறதுக்கு முன்னாலயே சிரிச்சிட்டாங்க.”

“டிவில உள்ளத உள்ளபடி வெட்டிருக்கேங்க.”

“மாஸ்டரு இல்லன்றாரே.”

“அந்த ஆள இங்க வரச் சொல்லுங்க. நம்ம டிவில பாக்கட்டும். நான் வெட்டினது தப்புன்னா அன்னிக்கி ராத்திரியே எறங்கிடறேன். நீங்க சொல்லவே வாணாம்.”

சொல்லிவிட்டேனே தவிர, அந்த வாரம் முழுக்க நான் ஒரு துணியிலும் கத்திரி வைக்கவில்லை. என் கண் தப்பாகப் பார்க்காது. ஆனாலும் அந்த ஆள் முன்னால் மெஷினோடு பஸ் இறங்குவது மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது. வீட்டுக்காரி மூட்டை கட்டப் பாத்திரங்களைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். அதற்கும் அவளைத் திட்டினேன்.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் இஞ்சு டேப். கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி. டிரைவர் வீட்டில் ஊரே கூடியிருந்தது. நாட்டாமைக்கு மட்டும் நாற்காலி, மாஸ்டருக்கு ஸ்டூல். நான் நின்றேன்.

கதை ஆரம்பித்தது. பெரிய பையன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். நான் விரலால் காட்டினேன். குச்சிக் கால். ஒல்லிப் பேண்ட். நான் வெட்டினது நூல் மாறாமல் அப்படியே.

மாஸ்டர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். எழுந்து டிவி பக்கத்தில் போனார். அந்தப் பையனைப் பார்க்காமல் டிவியின் ஓரத்தைப் பார்த்தார்.

“இது இன்னா, ரெண்டு பக்கமும் கறுப்பா பட்டை?”

“அது எப்பவும் அப்படித்தான்,” என்றார் டிரைவர்.

“எப்பவும் அப்படித்தானா? கரண்ட்டு கம்மியா கீது. படம் சுருங்கிப்போச்சு. அதான் ஆளு ஒல்லியா தெரியறான். என் வூட்டு டிவில அவன் தடியனா கீறான். ஸ்டெபிலைசர் இல்லையா?”

“கீது. எரிஞ்சிபோச்சி.”

மாஸ்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் லைட்டை அணைத்தார். லைட் தின்ற கரண்ட்டு டிவிக்குப் போய்ப் படம் ஒரு துளி அகலமானது. பக்கத்து வீடுகளிலும் அணைக்கச் சொன்னார். யாரோ ஓடிப்போய் அணைத்தார்கள். எங்கள் எல்லார் கண் முன்னாலும் அந்த அமெரிக்காக்காரன் கொஞ்சம் சதை போட்டான். அவன் அப்பனுக்கும் கன்னம் உப்பியது. பையன்களுக்கு அது கதையைவிடப் பிடித்துவிட்டது. ஒருத்தன் ஓடிப்போய் எங்கேயோ லைட்டைப் போட்டான், டிவியில் இவன் இளைத்தான். அணைத்தான், இவன் பெருத்தான்.

மெஷினைக் கட்டக் கயிறு எங்கே கிடக்கிறது என்று யோசித்தேன்.

அத்தோடு அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் அன்று ராத்திரியே இறங்கியிருப்பேன். ஆனால் மாஸ்டருக்கு ஜெயித்தது போதவில்லை. நாட்டாமை பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“காட்ல டிவி வெச்சா இப்பிடித்தாங்க. உங்க ஊர்க் கரண்ட்டே ஒரு கரண்ட்டா? அதப் பாத்து ஒரு பேண்ட்டு. நாலு ஊரு சிரிக்கத்தான செய்யும். இனிமே துணிய எங்கிட்ட அனுப்புங்க. மலைக்காரங்களுக்கும் மனுசங்க போட்ற மாதிரி தெச்சித் தரேன்.”

வீட்டில் இருந்த சத்தம் நின்றது. டிவியில் யாரோ சிரிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. டிரைவர் போய் அதையும் குறைத்தார்.

நாட்டாமை மெதுவாகக் கேட்டார். “மாஸ்டரே, உங்க வூட்டுக் கரண்ட்டுல அவன் தடியனா வர்றான். சரி. எங்க வூட்டுக் கரண்ட்டுல?”

“ஒல்லியா. ஆனா அது…”

“எங்க பசங்க எந்த வூட்ல பாக்கறாங்க?”

“இங்கதான். ஆனா நெசத்துல அவன்…”

“நெசத்துல அவன் எப்படி கீறான்னு நீங்க போய் அளவெடுத்தீங்களா? நீங்களும் டப்பாவுல பாத்தவருதான. எங்க மலைக்கு வர்றப்ப அவன் இப்படி வர்றான். எங்க டைலரு அதப் பாத்து வெட்டிருக்கான். இதுல தப்பு எங்க கீது?”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரியாகவே இருக்கட்டும், எனக்கு என்ன? கரண்ட்டைத் தைக்கிறது என் வேலை இல்லை, கண்ணுக்குத் தெரிகிறதைத் தைக்கிறதுதான் என் வேலை. அதில் என்னைக் குறை சொல்ல அவர் பக்கம் மலையில் ஒரு ஆள் இல்லை.

“காஜாவுக்கு வந்த வாழ்வு,” என்றார், என் காதில் மட்டும் விழுகிற மாதிரி.

“பஸ்ஸுக்கு நேரமாச்சி மாஸ்டர்,” என்றேன். டீ வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

பேண்ட்டை என் மெஷின் மேல் எறிந்த பெண்பிள்ளை மறுநாள் வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பையன்கள் அத்தனை பேரும் திருவிழாவில் அந்தப் பேண்ட்டைத்தான் போட்டார்கள். சாக்ஸ் கிடையாது, செருப்பும் கிடையாது, சாமி முன்னால் வெறுங்கால். கணுக்காலுக்கு மேல் ஒல்லியாக நிற்கிற பேண்ட், அதற்குக் கீழே மலைமண் ஒட்டின பாதம். அடுத்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். சில பேர் சிரிக்கப் பார்த்தார்கள். எங்கள் நாட்டாமை அவர்கள் பக்கமாகத் திரும்பி நின்றார், அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் ஊர்வலத்தோடு போகவில்லை, கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தைத்துக்கொள்ள என்னிடம் வந்தால் போதும், நான் போய் மெச்சுதலுக்கு நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்காரி தனியாக எடுத்து வைத்த பாத்திரங்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாமி கோயிலுக்குத் திரும்பின பிறகு பக்கத்து மலையூர் நாட்டாமை கடை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஒருத்தன் தோளில் முழுத் தான் துணி. தை மாதத்தில் அவர்கள் ஊரில் திருவிழா.

“எங்க பசங்களுக்கும் அதே மாதிரி வேணுமாம்,” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். “ஆனா எங்க ஊருக்குக் கரண்ட்டே வரல. எங்களுக்கு எப்படி வெட்டுவ?”

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

“துணிய உள்ள வைங்க,” என்றேன். “பசங்கள அனுப்புங்க, அளவெடுக்கணும்.”